நோய்ப் படுக்கையில் கண்ட கனவுகள்: அர்ச். இஞ்ஞாசியார் சரித்திரம்



நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க வீடு வீடாகப் போகும்போது ஒரு காரியத்தை நான் அடிக்கடி காண்கிறேன். உடம்பின் நோவைவிட மனதில் ஓடும் படங்களே படுத்திருப்பவரை அதிகமாய் வாட்டுகின்றன. ஒருவருக்கு வரப்போகிற ஆபரேஷன் கண்முன் நிற்கிறது. இறந்துபோன பிள்ளையின் கடைசி நாளை ஒரு தாய் தினந்தோறும் முதலிலிருந்து பார்க்கிறாள். வேறொருவர், பத்து வருஷத்துக்கு முன் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினையில் நடந்த சண்டையை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார். பகலில் பேச்சுத் துணை உண்டு. இரவில் விளக்கை அணைத்து, கைப்பேசியையும் கீழே வைத்த பிறகு நாடகம் துவங்குகிறது. அதைப் பார்க்கிறவரும் நாமே, அதில் அடிபடுகிறவரும் நாமே.

மனதில் இப்படிப் படம் எழுதும் சக்திக்குக் கற்பனை என்று உலகத்தார் பெயர் சொல்வார்கள். நமக்கோ கற்பனை என்றதும் சர்வேசுரன் தந்த பத்துக் கற்பனைகள்தான் நினைவுக்கு வரும். ஆகையால் இங்கே மனோபாவனை என்றே சொல்லுவோம். பக்தியுள்ளவர்கள் பலர் இந்த மனோபாவனையை ஜெபத்துக்குச் சத்துரு என்று நினைக்கிறார்கள். பராக்குகளை எல்லாம் பெற்ற தாய் இவளே என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி எப்படி என்பதை அறிய, ஜூலை 31-ந் தேதி நாம் திருநாள் கொண்டாடும் அர்ச். இஞ்ஞாசியாரின் வாழ்க்கையை என்னோடு கூடச் சற்றுப் பாருங்கள். மனோபாவனை அவரைக் கெடுத்தது, குணமாக்கியது, ஒரு சமயம் சாவின் விளிம்புக்கும் கொண்டுபோனது. கடைசியில் அது சேசுநாதருக்கு ஊழியக்காரி ஆயிற்று.

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்க்கு மொழி பேசும் மலைநாட்டில், லொயோலா என்ற கோட்டை வீடு ஒன்று உண்டு. அங்கே 1491-ம் ஆண்டில், பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இனிகோ. பக்கத்திலிருந்த கொல்லன் மனைவியிடம் பால் குடித்து வளர்ந்தார். பெற்ற தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பதினைந்து வயதை ஒட்டி, அரேவலோ என்ற ஊரில் அரசாங்கப் பொக்கிஷதாரராயிருந்த பிரபு ஒருவரின் வீட்டில் வளரும்படி அனுப்பப்பட்டார். அங்கே வாள்வீச்சு, குதிரையேற்றம், அரண்மனை நடை உடை எல்லாம் கற்றுக்கொண்டார். அவற்றோடு அக்காலத்துப் பெரிய மனிதர் பிள்ளைகளைப் பித்துப்பிடிக்க வைத்த வீரக் கதைகளையும் படித்தார். ராட்சதரை வெட்டி, கோட்டைகளைப் பிடித்து, ராஜகுமாரியின் கடைக்கண் பார்வைக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்களின் கதைகள் அவை. படித்தது மனதில் படமாயிற்று. படமாய் நின்றது ஆசையாயிற்று. வீண் மகிமையில் பிரியங்கொண்ட வாலிபனாக அவர் வளர்ந்தார்.

1517-ல் அந்தப் பிரபு பதவி இழந்து இறந்துபோகவே, இனிகோ நவார் நாட்டு ராஜப்பிரதிநிதியிடம் சேவகத்தில் அமர்ந்தார். 1521-ம் ஆண்டு மே மாதத்தில் பிரெஞ்சுப் படைகள் பாம்ப்லோனா நகரின்மேல் வந்தன. எதிர்த்து நிற்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். கோட்டையை ஒப்படைத்து உயிர் பிழைப்போம் என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். இனிகோ ஒருவரே போர் செய்ய வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துத் தலைவனையும் சம்மதிக்கச் செய்தார். மனதில் பார்த்து வைத்திருந்த வீரன் அல்லவா அவர்? மே 20-ந் தேதி பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய இரு கால்களுக்கும் நடுவே பாய்ந்தது. வலது காலின் எலும்பு நொறுங்கிற்று. இடது காலிலும் காயம் பட்டது. அவர் விழுந்தவுடன் கோட்டையும் விழுந்தது.

பிரெஞ்சுக்காரர் அவரை மரியாதையாய் நடத்தி, இரண்டு வாரத்துக்குப் பின் கட்டிலில் வைத்து லொயோலாவுக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையில் சுமந்துபோன அசைவினாலோ, முதலில் கட்டியவர்களின் கைப்பிசகினாலோ எலும்பு கோணலாய் நின்றது. மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவர் கைகளை இறுக முடிக்கொண்டதைத் தவிர வேறு அடையாளம் காட்டவில்லை. அப்புறம் நிலைமை மோசமாயிற்று. ஜூன் 24, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று தேவதிரவிய அநுமானங்களைப் பெற்று மரணத்துக்கு ஆயத்தமானார். இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இரவுக்குள் குணம் தெரியாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். இராயப்பர்மேல் அவருக்குப் பக்தி உண்டு. அந்த இரவிலேதான் நோய் திரும்பியது.

உயிர் திரும்பியதும் கர்வமும் திரும்பியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. அப்படியிருந்தால் காலோடு ஒட்டிய நேர்த்தியான பாதரட்சை போட முடியாது. அரண்மனையில் நாலுபேர் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்காக, உயிரோடிருக்கும்போதே அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார். அறுத்தார்கள். குட்டையாய்ப் போன காலை நீட்டும்படி பாரக் கருவிகளைக் கட்டி நாள்கணக்காய் இழுத்தார்கள். மனதில் தன்னைப் பற்றி எழுதிய ஒரு படத்துக்காக மனிதன் எவ்வளவு வேதனையையும் தாங்குவான் என்பதை இதில் கவனியுங்கள். என்றாலும் அந்தக் கால் கடைசிவரை கொஞ்சம் குட்டையாகவே இருந்தது.

இனி நம் விஷயம் துவங்குகிறது. உடம்பு தேறிற்று, கால் ஊன்ற முடியவில்லை. மாதக்கணக்காய்ப் படுக்கை. பொழுது போக்க வீரக் கதைப் புத்தகங்கள் கேட்டார். அந்த வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. இருந்தவை இரண்டே. சாக்சனி தேசத்து லுடோல்ப் என்ற துறவி எழுதிய சேசுநாதர் சரித்திரம் ஒன்று. அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்கள் அடங்கிய புத்தகம் மற்றொன்று. வேறு வழியில்லாமல் அவற்றைப் புரட்டினார்.

புத்தகத்தை மூடி வைத்த பிறகு மனம் சும்மா இருக்குமா? முதலில் பழைய படமே ஓடிற்று. அவர் மனதில் ஒரு சீமாட்டி இருந்தாள். கோமகளிர் எல்லாரையும்விட உயர்ந்த அந்தஸ்துள்ளவள். அவளைக் காண எப்படிப் போவது, என்ன வார்த்தை பேசுவது, அவளுக்காக என்ன வீரச் செயல் செய்வது என்று இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி நேரம் தன்னை மறந்து எண்ணிக்கொண்டிருப்பார். பிறகு படித்த புத்தகம் தலைகாட்டும். ஐந்துகாயப் பிராஞ்சீஸ்குவும் சாமிநாதரும் செய்ததை நானும் செய்தால் என்ன? வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்துபோனால் என்ன? கீரையைத் தின்று உயிர் வாழ்ந்தால் என்ன? இந்தப் படமும் வெகுநேரம் ஓடும். இரண்டும் மாறி மாறி வந்தன. ஓடும் நேரத்தில் இரண்டும் இன்பமாகவே இருந்தன.

ஒருநாள் அவர் கண் திறந்தது. சீமாட்டியைப் பற்றிய கனவு முடிந்தபின் மனம் வறண்டு, சலித்துப்போய்க் கிடந்தது. அர்ச்சியசிஷ்டவர்களைப் பற்றிய கனவோ முடிந்த பிறகும் மனதில் சந்தோஷத்தையும் அமைதியையும் வைத்துவிட்டுப் போயிற்று. வாய்க்கு ருசியாயிருந்து வயிற்றைக் கடுக்கும் பண்டம் ஒன்று, உண்டபின் உடம்புக்குத் தெம்பு தரும் பண்டம் ஒன்று என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பகுத்துச் சொல்வதில்லையா? அதைப்போலவே இரண்டையும் பகுத்தறிந்தார். ஒன்று பசாசின் தூண்டுதல், மற்றது சர்வேசுரனின் அழைப்பு என்று மெல்ல மெல்ல விளங்கிற்று. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆத்துமங்களை நடத்திய ஞானமெல்லாம் நொண்டிக் காலோடு படுத்திருந்த இந்த மனிதன், கனவு முடிந்தபின் என்ன மிஞ்சுகிறது என்று தன்னைத்தானே கேட்டதிலிருந்து பிறந்தது.

வேறொரு நன்மையும் நடந்தது. ஓர் இரவு குழந்தை சேசுவைக் கையில் ஏந்திய தேவதாயைத் தெளிவாய்க் கண்டார். அது முதல் பழைய அசுத்த எண்ணங்களின் படங்கள் மனதைவிட்டு அகன்றுபோயின என்று அவரே முதிர்ந்த வயதில் தம் சபையாருக்குச் சொல்லியிருக்கிறார். வெறும் சுவர்போல் மனதை வைத்துக்கொண்டதால் அவை நீங்கவில்லை. மேலான ஒரு படம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்நாட்களில் சுவிசேஷ நிகழ்ச்சிகளை அழகான கையெழுத்தில் எழுதத் துவங்கினார். சேசுநாதரின் வாக்கியங்களைச் சிவப்பு மையிலும் தேவதாயின் வாக்கியங்களை நீல மையிலும் எழுதி, ஏறக்குறைய 300 தாள் சேர்த்தார். இரவில் ஜன்னல் வழியே ஆகாயத்தையும் நட்சத்திரங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவருக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், நல்லதை நினை, நலமாவாய் என்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். காரியம் அவ்வளவு சுலபமல்ல.

1522-ம் ஆண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மோன்செராத் மலையிலுள்ள மாதா கோவிலுக்குப் போனார். மூன்று நாள் செலவிட்டு, ஆயுள் முழுவதற்கும் எழுத்து மூலமாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். விலையுயர்ந்த உடையை ஏழை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுச் சாக்கு உடை தரித்துக்கொண்டார். மார்ச் 24-ந் தேதி இரவு முழுவதும் பீடத்தின் முன் விழித்திருந்து, வாளையும் கட்டாரியையும் மாதாவுக்குக் காணிக்கையாக வைத்தார். மறுநாள் காலையில் இறங்கி, மன்ரேசா என்ற சிறு ஊரை அடைந்தார். சில நாள் தங்க எண்ணினவர் ஏறக்குறைய பதினொரு மாதம் தங்கும்படியாயிற்று.

அங்கே பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். தலைமயிரையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார். தினம் ஏழு மணி நேரம் முழந்தாளில் நின்று ஜெபித்தார். முதலில் மனம் நிம்மதியாயிருந்தது. பிறகு இருள் வந்தது. செய்த பாவசங்கீர்த்தனம் போதவில்லையோ, ஏதாவது பாவம் விட்டுப்போயிற்றோ என்ற சஞ்சலம் பற்றிக்கொண்டது. திரும்பச் சொன்னார். ஆறுதல் வரவில்லை. தெளிவாய்த் தெரிவதை மட்டும் சொல்லு என்றார் ஆத்தும குரு. எல்லாமே தெளிவாய்த் தெரிந்ததே, என்ன செய்வது? ஒரு பழைய பாவத்தின் படம் இன்னொன்றை இழுத்து வந்தது, அது மற்றொன்றை. சீமாட்டியைச் சுற்றி நான்கு மணி நேரம் ஓடிய அதே மனோபாவனை இப்பொழுது நரகத்தைச் சுற்றி ஓடிற்று.

சாமிநாதர் சபை மடத்தில் அவருக்குக் கொடுத்திருந்த அறையில் பெரிய துவாரம் ஒன்று இருந்தது. அதன் வழியாய்க் குதித்து உயிரை முடித்துக்கொள்ளலாமா என்ற சோதனை அடிக்கடி வேகமாய் வந்தது. ஆம், பீடங்களில் நாம் சுரூபம் வைத்து வணங்கும் அர்ச்சியசிஷ்டவருக்கே அப்படித் தோன்றியது. கர்த்தரே, உமக்கு மனஸ்தாபம் வருவிக்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பக் கதறிக்கொண்டே அந்தத் துவாரத்தின் பக்கத்தில் அவர் நாட்களைக் கழித்தார். இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பங்கிலும் யாராவது அப்படிப்பட்ட துவாரத்தின் அருகில் இன்றிரவு உட்கார்ந்திருக்கலாம்.

அவர் எப்படித் தப்பினார்? முதலாவது, கீழ்ப்படிதல். சஞ்சலம் தீருமட்டும் சாப்பிடுவதில்லை என்று ஒரு ஞாயிறு முதல் மறு ஞாயிறு வரை பட்டினி கிடந்தார். உபவாசத்தை விடச் சொன்னார் குரு. தன் எண்ணத்துக்கு அல்ல, குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து சாப்பிட்டார். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் புயல் திரும்பியது. அப்பொழுது லொயோலாப் படுக்கையில் கற்ற பாடம் கைகொடுத்தது. இந்த எண்ணங்கள் எந்த வழியாய் வந்தன, எங்கே கொண்டுபோய் விட்டன என்று பார்த்தார். பக்தி வேஷத்தில் வந்தவை. விட்டுப்போனதோ வாழ்வின் மேலேயே வெறுப்பு. இது நல்ல ஆவியின் வேலையல்ல என்று தெளிந்து, சொல்லித் தீர்ந்த பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். அன்று முதல் விடுதலை பெற்றார்.

அதே ஊரில், பட்டப்பகலில் ஆகாயத்தில் ஒரு பொருள் அவருக்கு அடிக்கடி தோன்றிற்று. பாம்பைப் போன்ற வடிவம், கண்களைப்போல் மினுங்கும் பல ஒளிகள். பார்க்கப் பார்க்க இன்பம். மறைந்தால் வருத்தம். அழகாயிருக்கிறதே என்று வெகுநாள் அதை ரசித்தார். கார்தோனேர் நதியோரம் உட்கார்ந்திருந்தபோது சர்வேசுரன் அவருடைய புத்திக்கு அளவற்ற வெளிச்சம் தந்தார். அதன்பின் அருகிலிருந்த சிலுவையின் முன் முழந்தாளில் நின்றபொழுது அந்த வடிவம் மறுபடி தோன்றிற்று. சிலுவையின் முன்னே அதன் அழகு மங்கிப்போயிற்று. அது பசாசு என்று அறிந்துகொண்டார். மனதில் தோன்றும் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதைச் சிலுவையின் முன் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்பது அவர் பெற்ற இரண்டாம் பாடம்.

இந்த அநுபவங்களிலிருந்து பிறந்ததே ஞானப் பயிற்சிகள் என்ற சிறு புத்தகம். 1548-ல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அதை அங்கீகரித்தார். நம் பங்கில் நடக்கும் ஞான ஒடுக்கங்களுக்கும் வேர் அங்கேதான். 1922-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், ஞான ஒடுக்கங்களுக்கெல்லாம் பாதுகாவலராக இஞ்ஞாசியாரை ஏற்படுத்தினார்.

அந்தப் புத்தகம் மனோபாவனையை விரட்டச் சொல்லவில்லை. வேலை கொடுக்கிறது. சேசுநாதரின் பிறப்பைத் தியானிக்க வேண்டுமா? முதலில் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் பாதையை மனதில் காணும்படி சொல்கிறது. அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா, மேடு பள்ளமா? பிறகு அந்தக் குகை பெரியதா சிறியதா, உயரமா தாழ்வா? கழுதையின்மேல் நிறைகர்ப்பிணியாய் வரும் தேவதாய், கூட நடக்கும் சூசையப்பர். இவற்றைப் பார்த்தபின் தியானிக்கிறவன் தூரத்தில் நின்றுவிடக் கூடாது. தான் ஓர் ஏழை வேலைக்காரனாய் அங்கே நின்று, அவர்களுடைய தேவைகளைக் கவனித்துப் பணிவிடை செய்வதாய் எண்ண வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். அவர்கள் தொட்ட இடத்தைத் தொட வேண்டும். முடிவில் ஒரு சிநேகிதன் சிநேகிதனோடு பேசுவதுபோல் சேசுநாதரோடு பேச வேண்டும்.

இதில் இரண்டு வேலிகளை அவர் போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, தியானம் சுவிசேஷத்தில் உண்மையாய் நடந்த சரித்திரத்தின்மேல் நிற்க வேண்டும். தியானம் கொடுக்கும் குரு அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாயும் பிசகில்லாமலும் சொல்ல வேண்டும். மற்றொன்று, படம் முடிந்தபின் மனதில் என்ன மிஞ்சிற்று என்று சோதிக்க வேண்டும். மனம் இருண்டிருக்கும் வேளையில், வெளிச்சமாயிருந்தபோது செய்த நல்ல தீர்மானங்களை மாற்றவே கூடாது என்றும் எழுதி வைத்தார். துவாரத்தின் அருகே உட்கார்ந்திருந்தவருக்கு அதன் அவசியம் தெரியும்.

மனதில் கண்டதை நேரில் காண அவருக்குத் தீராத ஆசை. 1523 செப்டம்பரில் எருசலேமை அடைந்தார். ஒலிவ மலையில், ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளின இடத்தில், அவருடைய பாதச் சுவடு என்று காட்டப்படும் கல் ஒன்று உண்டு. காவல்காரருக்குத் தம் பேனாக்கத்தியைக் கொடுத்து அதைப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும், வலது பாதம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது, இடது பாதம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதைச் சரியாய்க் கவனிக்கவில்லையே என்று தோன்றியது. திரும்பி ஓடி, கத்தரிக்கோலைக் கொடுத்து மறுபடி பார்த்தார். தனியாய்ப் போனதற்காக மடத்து ஆள் ஒருவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவருக்கோ அவமானம் தெரியவில்லை. கிறிஸ்துநாதர் தமக்கு மேலே இருப்பதைக் கண்டுகொண்டே நடந்தார். அங்கேயே உயிர் விடும்வரை தங்க விரும்பினார். திருத்தலங்களைக் காத்துவந்த பிராஞ்சீஸ்கு சபைச் சிரேஷ்டரோ ஆபத்தைக் கருதி உத்தரவு தரவில்லை. அவர் கீழ்ப்படிந்து திரும்பினார்.

திரும்பினவர் முப்பத்து மூன்று வயதில் பார்சலோனாவில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். அங்கும் மனோபாவனை வழிமறித்தது. வினைச்சொல்லை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், பக்தி எண்ணங்களும் இன்ப உணர்வுகளும் பொங்கி வரும். பூசையிலும் ஜெபத்திலும் வராத இந்த இன்பம் பாட நேரத்தில் மட்டும் வருவானேன் என்று யோசித்து, இதுவும் தந்திரம் என்று கண்டுகொண்டார். பாடத்துக்கு ஒழுங்காய் வருவேன் என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்ததும் அது நின்றுபோயிற்று. வேலை நேரத்தில் வேலை செய்வதும் ஜெபமே என்பதை நம் மாணவர்கள் கவனிப்பார்களாக.

அல்காலாவில் 42 நாளும் சலமாங்காவில் 22 நாளும், அவருடைய போதனையைப்பற்றிச் சந்தேகம் கொண்டவர்களால் சிறைவைக்கப்பட்டார். குற்றம் ஒன்றும் காணப்படவில்லை. 1528-ல் பாரீஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரே அறையில் தங்கியவர்களில் பீட்டர் பேபர் என்பவர் ஒருவர். ஆடு மேய்த்து வளர்ந்த சாதுவான பிள்ளை. மன்ரேசாவில் இஞ்ஞாசியாரை வாட்டிய அதே ஆத்தும சஞ்சலம் இவரையும் வாட்டிற்று. தன் புண்ணை ஆற்றிக்கொண்டவனுக்குப் பிறர் புண் தெரியும் அல்லவா? இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. ஏறக்குறைய நான்கு வருஷம் பொறுமையாய்க் கூட இருந்து, பாவசங்கீர்த்தனத்திலும் நன்மை வாங்குவதிலும் பழக்கி, 1534-ல்தான் பேபரை ஞானப் பயிற்சிகளில் சேர்த்தார். சஞ்சலம் பிடித்த அந்த வாலிபர் பிற்பாடு பிறருக்கு ஆறுதல் சொல்வதில் கைதேர்ந்தவராய் விளங்கினார். 2013-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவர் வரிசையில் சேர்த்தார்.

அதே அறையில் இருந்த மற்றவர் நம் சவேரியார். 1534-ம் ஆண்டு ஆகஸ்ட் 15, தேவமாதா மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளில், மோன்மார்த்ர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 1540-ல் மூன்றாம் சின்னப்பர் சேசு சபையை அங்கீகரித்தார். மறு வருஷம் இஞ்ஞாசியார் அதன் முதல் சிரேஷ்டரானார்.

1537-ல் குருப்பட்டம் பெற்ற அவர் முதல் பூசை செய்ய ஒன்றரை வருஷம் காத்திருந்தார். எருசலேம் நாட்டுக்குப் போக வழி திறக்கும் என்ற நம்பிக்கை. வழி திறக்கவில்லை. 1538-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, உரோமையில் மரியம்மாள் பேராலயத்தில், சேசுநாதரின் முன்னிட்டி என்று வணங்கப்படும் மரத்துண்டுகள் உள்ள சிற்றாலயத்தில் முதல் பூசை செய்தார். மனதில் எத்தனையோ முறை போய்ப் பணிவிடை செய்த அந்தக் குகைக்கு, அப்பம் ரசத்தின் குணங்களில் ஆண்டவரே இறங்கி வந்தார். மனோபாவனை வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே இருப்பவர் நம் மனதின் படமல்ல, மெய்யான ஆண்டவர்.

உலகமெல்லாம் நடக்க ஆசைப்பட்டவர் கடைசிப் பதினைந்து வருஷமும் உரோமையில் மேஜையின் முன் உட்கார்ந்து கடிதம் எழுதினார். அவருடைய கடிதங்களில் 6,000-க்கு அதிகமானவை இன்றும் உள்ளன. அவற்றில் சில நம் சவேரியாருக்குப் போனவை. சவேரியார் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழில் ஜெபங்களைத் தட்டுத்தடுமாறிப் படித்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்ததை நீங்கள் அறிவீர்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் கடிதங்களில் இருந்த தோழர்களின் கையெழுத்துக்களை அவர் வெட்டி எடுத்து, தம் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து மார்பில் அணிந்துகொண்டார். தனிமை வாட்டும்போது அந்தத் துண்டுக் காகிதம் அவருக்குத் தோழர்களின் முகமாயிற்று. அவர் 1552 டிசம்பரில் சீன நாட்டின் ஓரத்தில் இறந்ததை அறியாமல், 1553-ல் திரும்பி வரும்படி இஞ்ஞாசியார் அன்போடு கடிதம் எழுதினார். இருவரும் பாரீஸ், வெனீஸ், உரோமை நகரங்களுக்குப் பிறகு பூமியில் சந்திக்கவில்லை. 1556 ஜூலை 31 விடியற்காலையில் இஞ்ஞாசியாரும் இறந்தார். 1622-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, ஒரே நாளில், இருவரும் அர்ச்சியசிஷ்டவர்கள் என்று பிரசித்தம் செய்யப்பட்டார்கள்.

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்திலிருந்து நம் வீடுகளுக்கு எதைக் கொண்டுபோகலாம்?

இரவு ஜெபமாலை முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சுவிசேஷத்தில் ஒரு நிகழ்ச்சியை மெதுவாய் வாசியுங்கள். கடலில் புயல், படகில் ஆண்டவர் நித்திரை செய்கிறார். பலகையில் தண்ணீர் மோதும் சத்தத்தைக் கேளுங்கள். கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் பிறந்த உங்களுக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. படகில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அவரை எழுப்பி என்ன சொல்கிறீர்கள்? சொல்லுங்கள். மனதில் படமே தெளிவாய் வராதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கலங்க வேண்டாம். அவர் அருகில் இருக்கிறேன் என்ற நினைவே போதும். காட்சி காண்பதல்ல நம் நோக்கம், அவரோடு இருப்பதே.

பிள்ளையை இழந்த தாயே, நடந்ததை நடக்கவில்லை என்று மாற்றி எண்ணும்படி நான் சொல்லவில்லை. அது மருந்தல்ல, ஏமாற்று. நீ தினமும் பார்க்கும் அந்தக் கடைசி நாளிலிருந்து கொஞ்சம் கண்ணை எடுத்து, கல்வாரியில் மகனின் சிலுவையடியில் நிற்கும் தாயின் பக்கத்தில் போய் நில். பேச வார்த்தையில்லாவிட்டால் சும்மா நில். உன் வீட்டில் அந்த நாள் வந்தபோதும் அவர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள். துக்கம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். தனியாய்ச் சுமக்கும் துக்கத்துக்கும் துணையோடு சுமக்கும் துக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு.

பழைய சண்டையை இன்னும் நடத்திக்கொண்டிருக்கும் சகோதரனே, அந்தப் படம் முடிந்தபின் உன் மனதில் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார். ஒவ்வொரு இரவும் நீயே ஜெயிக்கிறாய். ஒவ்வொரு காலையும் வாய் கசக்கிறது. கசப்பதை ஏன் திரும்பத் திரும்ப உண்ண வேண்டும்?

வாழ்வையே முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்ஞாசியாருக்கும் அது வந்தது. அது வருவதால் நீங்கள் கெட்டவர்கள் ஆகிவிடமாட்டீர்கள். ஆனால் அதை மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். அன்றே வீட்டாரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். நொறுங்கிய காலுக்கு வைத்தியரைக் கூப்பிட்டது விசுவாசக் குறைவு அல்லவே. நொறுங்கிய மனதுக்குக் கூப்பிடுவதும் அப்படியே. பங்கு வீட்டுக் கதவும் எந்த இரவிலும் உங்களுக்குத் திறக்கும். வீட்டாரே, அப்படிச் சொல்லும் ஒருவரைப் பார்த்து, உனக்கு ஜெபம் போதாது என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் உட்காருங்கள். பேபரின் பக்கத்தில் நான்கு வருஷம் உட்கார்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமை நோயாளிகளைச் சந்திக்க வருவேன். நன்மை கொடுத்தபின் உங்களோடு உட்கார்ந்து, சுவிசேஷத்தில் நீங்கள் விரும்பும் ஒரு நிகழ்ச்சியை வாசிக்கலாம் என்றிருக்கிறேன். எதை வாசிப்பது என்று இப்பொழுதே யோசித்து வையுங்கள். மனதில் எழுதும் சக்தியை நமக்குத் தந்த சர்வேசுரன், அதில் தம் திருக்குமாரனின் முகத்தை எழுதிக்கொள்ள நமக்குக் கிருபை செய்வாராக. அர்ச். இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு